ஜாஸ்மின் என்றொரு ஊர்

ஜூலை 8, திங்கள்: வின்னிபெக்கிலிருந்து மேற்கே

அப்பா ஊரிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. நயாகரா வேண்டாம், ராக்கி மலையும் வேண்டாம் என்றவர், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கனடா ரயில்வே வரைபடத்தை விரித்து வைத்து சஸ்காட்செவன் மாகாணத்தில் ஓரிடத்தில் விரலை ஊன்றினார். "இங்க ஜாஸ்மின்னு ஒரு ஸ்டேஷன் போட்டிருக்கும்மா. மைனஸ் நாற்பது குளிர்ல மல்லிகையா? இதைப் பார்க்கணும்." முப்பத்துநான்கு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அதில் பாதி வருடம், நாளுக்கு நான்கு பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில்.

அப்புறம் பக்கத்து ஊர்களின் பெயரைப் படித்தார். ஹப்பார்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெராஸ். எச், ஐ, ஜே, கே, எல். பென்சிலை எடுத்துக்கொண்டு கிழக்கேயும் மேற்கேயும் கோடு இழுத்தார். அன்றைக்கு இரவு பதினொரு மணி வரை இருவரும் அதே வேலையாக இருந்தோம்.

கதை இதுதான். கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற ரயில் கம்பெனி 1903-ல் தொடங்கியது. வின்னிபெக்கிலிருந்து பசிபிக் கரையில் உள்ள பிரின்ஸ் ரூப்பர்ட் வரை பாதை போட்டு, 1914 ஏப்ரலில் கடைசித் தண்டவாளத்தை இணைத்தார்கள். புல்வெளியில் எட்டு பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன். கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அந்தத் தூரக் கணக்குதான். இத்தனை ஸ்டேஷனுக்கும் பெயர் வேண்டுமே. ஆங்கில எழுத்து வரிசையில் வைத்துக்கொண்டே போனார்கள். இசட் முடிந்ததும் மறுபடி ஏ.

முதல் சுற்று வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில்தான் தொடங்குகிறது. புளூம், கே (Caye, சி எழுத்துக்கு), டீர், எக்சிரா, ஃபிர்டேல், கிரெக், ஹார்ட், இங்கலோ, ஜஸ்டிஸ், நாக்ஸ், லெவின். இன்று ஹார்ட்டிலும் ஜஸ்டிஸிலும் இறங்கினோம். 33 டிகிரி வெயில், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, ஆனால் காற்று நிற்கவே இல்லை. கனோலா பூத்திருக்கிறது. கண் போகிற தூரம் வரை மஞ்சள், அதற்கு மேல் வானம். நம்மூர்க் கடுகு வயலைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள், கனோலாவும் கடுகுக் குடும்பம்தான்.

சரளைச் சாலையில் எதிரே வந்த லாரி ஒரு கல்லைத் தெறிக்க விட்டது, முன் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். அந்த ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பின்னாலேயே நடந்து வந்து மன்னிப்புக் கேட்டு, விரிசல் ஓடாமல் இருக்க ஒரு டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

இரவு மாகாண எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மோட்டலில். 109 டாலர், சுத்தமான அறை. கொசு மட்டும் ஜன்னல் வலையில் கறுப்பாக அப்பியிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்: பேங்கர், மெல்வில்

காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் கடைக்கு எட்டு மணிக்கே போய் நின்றோம். சஸ்காட்செவனில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. என் கைக்கடிகாரம் இன்னும் வின்னிபெக்கில் இருந்தது. கடைக்காரம்மா உள்ளிருந்து எங்களைப் பார்த்துக் கதவைத் திறந்து, "காபி இன்னும் போடலை, உட்காருங்க" என்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி 2 டாலர் 25 சென்ட். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார், அதற்குக் காசு இல்லை.

யார்போ, ஜெனெட்டாவோடு முதல் சுற்று முடிகிறது. உடனே அட்வாட்டர், பேங்கர், கானா என்று இரண்டாவது சுற்று.

பேங்கரில் நிறைய நேரம் நின்றோம். எழுத்து வரிசைக்கு பி (B) வேண்டியிருந்த இடத்தில், ஏற்கெனவே வேல்ஸ் நாட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். நேராக வேல்ஸிலிருந்து வந்தவர்களும் இல்லை. 1865-ல் தங்கள் மொழியைக் காப்பாற்றிக்கொள்ள வேல்ஸை விட்டு அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள பட்டகோனியாவுக்குப் போன கூட்டம் அது. அங்கே 1899-ல் சுபுட் ஆற்றில் பெருவெள்ளம். விதைத்ததெல்லாம் போனது. அவர்களில் இருநூறு பேருக்கு மேல் 1902-ல் கிளம்பி இந்தப் புல்வெளிக்கு வந்தார்கள். ரயில் பிறகுதான் வந்தது. வேல்ஸில் உள்ள பேங்கரின் பெயர் இவர்களுக்கும் பிடித்தது, கம்பெனியின் வரிசைக்கும் பொருந்தியது. இரண்டு கண்டம் கடந்து வந்தவர்களுக்குச் சொந்த ஊரின் பெயர் எழுத்து வரிசைப்படி கிடைத்ததை நினைத்தால் எனக்கு என்னவோ செய்தது. நாங்கள் நின்ற அரை மணியில் இரண்டு வண்டி கடந்து போனது. இரண்டு ஓட்டுநர்களும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார்கள். இங்கே வணக்கம் அப்படித்தான். அப்பா பதிலுக்கு முழுக் கையையும் தூக்கினார்.

மாலை மெல்வில். சுமார் 4,500 பேர், சஸ்காட்செவனின் நகரங்களிலேயே சிறியது. கம்பெனியின் தலைவர் சார்ல்ஸ் மெல்வில் ஹேஸின் நடுப்பெயர் இது. தலைவருக்கு வரிசையெல்லாம் கிடையாது போலிருக்கிறது, சி எழுத்துக்கு அப்புறம் எம் வந்துவிட்டது. ஹேஸ் 1912 ஏப்ரலில் லண்டனிலிருந்து திரும்பும்போது டைட்டானிக்கில் இறந்துபோனார். மனைவியும் மகளும் படகில் ஏறிப் பிழைத்தார்கள். தன் பெயர் கொண்ட ஊர் வளர்வதைப் பார்க்க அவர் இல்லை. தான் தொடங்கிய பாதை பசிபிக்கைத் தொட்டதையும் பார்க்கவில்லை. அவருக்குப் பிறகு கம்பெனியும் கடனில் மூழ்கி, அரசாங்கம் எடுத்துக்கொண்டு கனடியன் நேஷனல் ரயில்வேயோடு சேர்த்தது.

பழைய ஸ்டேஷன் கட்டடத்தை அப்பா மூன்று முறை சுற்றி வந்தார். இருட்ட மணி பத்து ஆனது.

ஜூலை 10, புதன்: இட்டுனா, ஜாஸ்மின்

பதினைந்தாம் நம்பர் நெடுஞ்சாலை ரயில் பாதையை ஒட்டியே போகிறது. ஃபென்வுட், குட்டீவ், ஹப்பார்ட். அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி எஃப், ஜி, எச் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இட்டுனாவில் மதியச் சாப்பாடு. பெயர் ரொம்பப் பழையது, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் உள்ள கடற்கழியை ரோமானியர் காலத்தில் அப்படி அழைத்தார்கள். ஆனால் ஊருக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது உக்ரைனியத் தேவாலயத்தின் குவிமாடம். பெயர் ஓரிடம், மக்கள் வேறிடம். சாப்பாடும் உக்ரைனியர்களுடையதே: பெரோகி. சோமாசி வடிவத்தில் மாவை மடித்து, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, வெந்நீரில் வேகவைத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தை மேலே கொட்டித் தருகிறார்கள். எட்டு உருப்படி 13 டாலர். பன்றிக்கறி வேண்டாம் என்று சொன்னதும் பரிமாறிய பெண் சமையலறைக்குப் போய், வாணலியைக் கழுவிவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்பா தன் பையிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டார். அந்தப் பெண்ணும் ஒரு துளி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் கண்ணில் நீரோடு நன்றாக இருக்கிறது என்றார்.

அப்புறம் ஜாஸ்மின்.

நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் ஒரு லெவல் கிராசிங். கேட்டும் இல்லை, கேட் கீப்பரும் இல்லை. தண்டவாளம் கிழக்கும் மேற்கும் நூல் பிடித்த மாதிரி. காற்றடைப்புக்காக யாரோ எப்போதோ நட்ட கரகானா வேலி தன் பாட்டுக்குப் புதராகி நிற்கிறது. லைலாக் செடிகள் நான்கைந்து இடத்தில் கும்பலாக. அங்கெல்லாம் வீடு இருந்திருக்கும், வாசல் இல்லாமல் யார் லைலாக் நடுவார்கள்? இடுப்பளவு புல். நான் எதிர்பார்த்தது ஒரு தெருவாவது. அப்பா எதை எதிர்பார்த்தாரோ, ஒன்றும் பேசாமல் தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

நம்மூர் ஸ்டேஷனில் மஞ்சள் பலகை இருக்கும், மூன்று மொழியில் பெயர் இருக்கும், கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றிருக்கும். அப்பா வேலை செய்த ஒரு ஸ்டேஷனில் அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வரத் தாமதமானதால் அவரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்தார், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு ஏழு வயது.

ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. முன்னால் இரண்டு எஞ்சின், நடுவில் ஒன்று. அப்பா எண்ணினார். 164 பெட்டி. கடந்து முடிய நான்கு நிமிடம் ஆனது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. "நிக்காத ஸ்டேஷன்ல பச்சைக் கொடி காட்டணும்மா. இங்க காட்ட ஆளில்லை" என்றார்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பெண்மணி பிக்கப் வண்டியில் வந்தார், எழுபது வயது இருக்கும். வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். பெயரைப் பார்த்து வந்தோம் என்றதும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். அப்பா செல்போனில் எங்கள் வீட்டு மாடியில் அம்மா வளர்க்கும் மல்லிகைச் செடியைக் காட்டினார், அம்மா தலையில் வைத்த சரத்தையும். அவர் வெகுநேரம் பார்த்தார். மல்லிகை போட்ட தேநீரைக் குடித்திருக்கிறாராம், பூவைப் பார்த்ததில்லையாம். "வாசனை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அப்பா எனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலச் சொற்களையும் என்னிடம் கேட்டு வாங்கிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெண்மணியே, இங்கே லைலாக் பூக்கும்போது இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றோம். கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய சஸ்கட்டூன் பழம் கொடுத்தார். நாவல் பழ நிறம், பட்டாணி அளவு, கடித்தால் லேசாகப் பாதாம் வாசனை. காசு வாங்கவில்லை.

வண்டியில் ஏறியதும் அப்பா சொன்னார்: "கடைசி ஸ்டேஷனுக்கு மட்டும் போட்டி வச்சுப் பேர் தேடியிருக்காங்க." உண்மைதான். 1906-ல் பசிபிக் கரை ஊருக்குப் பெயர் சொல்பவருக்கு 250 டாலர் பரிசு. மூன்று அசைக்கு மேல் போகக்கூடாது, பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதிமுறை வேறு. வின்னிபெக்கைச் சேர்ந்த ஒரு பெண் சொன்ன பிரின்ஸ் ரூப்பர்ட் வென்றது. ஜாஸ்மினுக்குக் கிடைத்தது வரிசையில் ஓர் இடம்.

ஜூலை 11, வியாழன்: லெஸ்டாக், பன்னிச்சி, சேறு

கெல்லிஹர், கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பெயர். லெஸ்டாக், நிலம் அளந்த ஜான் லெஸ்டாக் ரீட் என்பவர் பெயர். இந்தப் புல்வெளியை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளந்து, ஒவ்வொரு கட்டத்தையும் 36 ஆக வெட்டி, அந்தத் துண்டில் கால் பங்கான 160 ஏக்கரை 10 டாலர் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள். மரம், மலை எதையும் சுற்றிப் போகாமல் சாலைகள் நேராகவே ஓடுவது அதனால்தான்.

அளப்பதற்கு முன்பும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். கிரீ, சோல்டோ என்ற பூர்வகுடி மக்கள். 1874-ல் நான்காம் ஒப்பந்தம் போட்டு அவர்களைச் சின்னச் சின்ன ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் சுருக்கினார்கள். லெஸ்டாக் பக்கத்தில் மஸ்கோவெக்வான் உறைவிடப் பள்ளியின் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, சொந்த மொழி பேசினால் அடித்த பள்ளிகளில் ஒன்று. 1997 வரை நடந்தது. 2018-ல் தொடங்கிய தேடலில் அடையாளமில்லாத புதைகுழிகள் 35-க்கும் குறையாமல் தெரிய வந்தன. அந்தச் சமூகமே கட்டடத்தை இடிக்க வேண்டாம், நினைவாக நிற்கட்டும் என்று கேட்டு, 2021-ல் தேசிய வரலாற்றிடமாக அறிவிக்க வைத்தார்கள். நாங்கள் சாலையோரத்திலேயே நின்றோம், படம் எடுக்கவில்லை. அந்த மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தார்கள், பல இடங்களில் எண்ணும் கொடுத்தார்கள். மூன்று நாளாக எழுத்து வரிசையை ரசித்துக்கொண்டு வந்தவள் நான். அங்கே நின்றபோது அந்த ரசனை போய்விட்டது, இதை எழுதும்போதும் முழுதாகத் திரும்பவில்லை.

அடுத்து பன்னிச்சி. இந்த ஒரு பெயர் சோல்டோ மொழியிலிருந்து வந்தது. இறகு சரியாக முளைக்காத குஞ்சு என்று பொருள், அங்கே கடை வைத்திருந்த வியாபாரிக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர். அதுவும் பி (P) என்று தொடங்கியது, வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மணிக்கு மேற்கே வானம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. இருபது நிமிடத்தில் ஆலங்கட்டி மழை. அது விட்டதும் குறுக்கு வழி காட்டிய போனை நம்பி ஒரு மண் சாலையில் திரும்பினேன். இந்தக் கரிசல் களிமண் நனைந்தால் சோப்பு. கார் தானாக நகர்ந்து பள்ளத்தில் சாய்ந்தது. சிக்னலும் கிடையாது. அப்பா இறங்கி முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து ஒரு விவசாயி டிராக்டரில் வந்தார், இந்த மழைக்கு யாராவது இங்கே மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தே வந்தாராம். சங்கிலி போட்டு ஐந்து நிமிடத்தில் இழுத்துவிட்டார். ஐம்பது டாலர் நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

என்ன பயிர் என்று அப்பா கேட்டார். கோதுமை, கனோலா, மசூர் பருப்பு, மஞ்சள் பட்டாணி. பட்டாணி எங்கே போகிறது? இந்தியாவுக்கு. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெரினாவில் பட்டாணி சுண்டல் எப்படி விற்பார்கள் என்று விவரித்ததை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தேங்காய், மாங்காய், பச்சை மிளகாய், பேப்பர் பொட்டலம், கடற்காற்று. தன் பட்டாணியை மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார்.

இரவு ரேமோரில். சீனக் குடும்பம் நடத்தும் உணவகம், பொரித்த அரிசிச் சோறு 12 டாலர். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒன்று இப்படி இருக்கிறது, வேறெல்லாம் மூடிய பிறகும் இவர்கள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி: நோகோமிஸ், மானிட்டோ ஏரி

செமன்ஸ், டேட், அடுத்து யூ வர வேண்டும். வருவது நோகோமிஸ். எழுத்து வரிசையை இடித்துக்கொண்டு நிற்கும் ஊர். ரயில் வருவதற்கு முன்பே அங்கே தபால் நிலையம் நடத்திய ஒரு பெண்மணி, ஒரு பழைய அமெரிக்கக் கவிதையில் வரும் பாட்டியின் பெயரை அதற்கு வைத்திருந்தார். ஓஜிப்வே என்ற பூர்வகுடி மொழியில் அந்தச் சொல்லுக்கே பாட்டி என்றுதான் பொருள். இரண்டு ரயில் பாதைகள் அங்கே வெட்டிக்கொண்டன, ஆனாலும் அந்த அம்மா வைத்த பெயர் நின்றுவிட்டது. எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்த பெயர் இது.

போகிற வழியில் மரத்தாலான ஒரு தானிய எலிவேட்டர் தனியாக நின்றது. எட்டு மாடி உயரம் இருக்கும், பெயின்ட் உரிந்து, ஊர்ப் பெயர் பாதி மட்டும் தெரிந்தது. தானியத்தை வாளிப் பட்டையால் மேலே ஏற்றி, ரயில் பெட்டிக்குள் கொட்டும் கிடங்கு. ஒரு காலத்தில் எல்லா ஸ்டேஷனிலும் இரண்டு மூன்று. விவசாயி வருவார், எடை போடுவார், அப்படியே கடைக்கும் போவார், காபி குடிப்பார். 1897 முதல் தானியத்துக்கு இருந்த சலுகைக் கட்டணம் 1995-ல் முடிந்தது. கிளைப் பாதைகள் போயின, எழுபது எண்பது கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெரிய கான்கிரீட் கிடங்குகள் வந்தன. சின்ன ஊர்களுக்கு ரயில் நிற்க இருந்த ஒரே காரணமும் போனது.

வாட்ரஸ் பக்கத்தில் லிட்டில் மானிட்டோ ஏரி. கடலை விட உப்பு அதிகம், மூழ்க முயன்றாலும் மூழ்க முடியாது. நீச்சல் தெரியாத அப்பா முதலில் முழங்கால் வரை, அப்புறம் இடுப்பு வரை, அப்புறம் மல்லாந்து படுத்துவிட்டார். கரையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுபத்தொரு வயதில் முதல் முறையாக மிதக்கிறார். ஏரிக்கு எதிரே 1928-ல் கட்டிய நடன மண்டபம் இருக்கிறது, தரைக்கு அடியில் குதிரை மயிர் திணித்து மெத்தென்று இருக்கும்படி செய்தது. சஸ்கட்டூன் பழப் பை ஒரு துண்டு 6.50, அப்பா இரண்டு துண்டு.

ஜூலை 13, சனி: ஸீனா, யங், ஸெல்மா, மறுபடி ஏ

வாட்ரஸ் என்பது ரயில் கம்பெனியின் பொது மேலாளர் ஃபிராங்க் வாட்ரஸ் மோர்ஸின் நடுப்பெயர். அவரும் நடுப்பெயரைத்தான் கொடுத்திருக்கிறார். அடுத்து எக்ஸ் எழுத்துக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எங்கள் இருவருக்கும் ஐந்து நாளாக ஆவல். எக்ஸில் தொடங்கி ஸீனா என்று ஒலிக்கும் பெயர். அங்கேயும் அதே காட்சி: தண்டவாளம், புல், காற்று, தூரத்தில் ஒரு பண்ணை வீட்டின் தகரக் கூரை. வானம்பாடி மாதிரி ஒரு பறவை கம்பத்தில் உட்கார்ந்து விடாமல் பாடியது. அப்பா தன் பழைய டைரியில் தேதி, நேரம் போட்டு "எக்ஸ். வந்து சேர்ந்தோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், வண்டி வந்தால் எழுதுவாரே, அதே கையெழுத்து.

யங்கில் பெட்ரோல் போட்டோம், லிட்டர் 1.55. ஸெல்மாவில் ஒரு நாய் எங்களோடு ஊர் முழுக்க நடந்து வந்தது, ஊர் முழுக்க என்றால் ஏழு நிமிடம். ஒரு தாத்தா புல் வெட்டிக்கொண்டிருந்தார். தன் வீட்டை வெட்டி முடித்துவிட்டு, யாரும் இல்லாத பக்கத்து மனையையும் வெட்டினார், அதற்கு அடுத்ததையும் வெட்டினார். எங்களைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். அப்பாவும் இப்போது ஒரு விரலைத்தான் தூக்குகிறார்.

அடுத்த பலகை ஆலன். "மறுபடியும் ஏ!" என்று அப்பா சீட்டிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிராட்வெல், கிளாவெட், அப்புறம் சஸ்கட்டூன் நகரம். கண்ணாடி விரிசலுக்கு 85 டாலர் ஆனது, காரின் அடியில் ஒட்டிய சேற்றைக் கழுவ இன்னொரு 20.

நாளை வின்னிபெக் திரும்ப வேண்டும். பெரிய நெடுஞ்சாலையில் போனால் எட்டு மணி நேரம். அப்பா இப்போதுதான் வரைபடத்தை மடித்துக்கொண்டே கேட்டார், வந்த வழியாகவே போகலாமா, இசட்டிலிருந்து பின்னோக்கி, ஜாஸ்மினில் அந்த அம்மாவிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று. டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். உள்ளே மீதி ஊறுகாய்.